“திகா நஹீ மேடம்!”: விடியுமுன் ஓடுகிறவர்களுக்கு

கேள்வி: திருச்சியிலிருந்து மும்பை செம்பூருக்குக் குடிவந்து இரண்டு வருடம் ஆகிறது. வயது 36. காலையில் ஏழே முக்கால் லோக்கலைப் பிடிக்க வேண்டும். அதற்குள் சமையல், பையனைப் பள்ளிக்கு அனுப்புவது எல்லாம் முடிய வேண்டும். அதனால் நாலே முக்காலுக்கு இறங்கி ஆறு மணிக்குள் ஓட்டத்தை முடித்துக்கொள்கிறேன். ஜனவரியில் மும்பை ஹாஃப் மாரத்தான் ஓடப் பெயர் கொடுத்திருக்கிறேன். போன வாரம் ஒரு சந்திலிருந்து வெளியே வந்து இடது பக்கம் திரும்பிய ஆட்டோ, என் முழங்கையை உரசிவிட்டது. ஹெட்லைட் போடவில்லை. நான் நியான் மஞ்சள் டி-ஷர்ட்தான் போட்டிருந்தேன். எதிரே வரும் வண்டிகளைப் பார்த்தபடி, சொல்லிக்கொடுத்த மாதிரி வலது ஓரமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தேன். டிரைவர் “திகா நஹீ மேடம்” (தெரியவில்லை மேடம்) என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வீட்டுக்காரர், இனிமேல் ட்ரெட்மில் மட்டும்தான் என்கிறார். எல்லாம் சரியாகத்தானே செய்தேன்? இன்னும் என்ன வாங்க வேண்டும்? பெண் தனியாக அந்த நேரத்தில் ஓடலாமா?

பதில்: முதலில் அந்த முழங்கை. ஒரு வாரம் கழித்தும் மடக்கினால் வலிக்கிறது, வீக்கம் வற்றவில்லை என்றால் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். ஓடுகிறவர்கள் காலுக்குக் காட்டுகிற அக்கறையைக் கைக்குக் காட்டுவதில்லை.

அந்த டிரைவர் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. ஹெட்லைட் போடாதது அவர் தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் “தெரியவில்லை” என்பது பெரும்பாலும் உண்மையாகத்தான் இருக்கும். அந்த இடத்தில் மூன்று விஷயங்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. மூன்றும் நீங்கள் சரி என்று நம்பிச் செய்தவற்றோடு சம்பந்தப்பட்டவை. அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நியான் மஞ்சள் பகலுக்கான நிறம். அந்தத் துணியில் இருக்கும் சாயம் வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமாக மாற்றித் தருகிறது. அதனால்தான் பகலில் அது எரிகிற மாதிரி இருக்கிறது. காலை ஐந்து மணிக்குப் புற ஊதாக் கதிர் எங்கிருந்து வரும்? தெருவிளக்கிலும் வண்டி வெளிச்சத்திலும் அது இல்லை என்றே சொல்லலாம். அந்த நேரத்தில் உங்கள் நியான் டி-ஷர்ட் ஒரு சாதாரண வெளிர் நிற டி-ஷர்ட். கறுப்பைவிடத் தேவலை, அவ்வளவுதான்.

இரண்டாவது, ஹெட்லைட். “சரி, நியானை விட்டுவிட்டு ரிஃப்ளெக்டர் பட்டி வாங்குகிறேன்” என்று நீங்கள் இப்போது நினைத்திருப்பீர்கள். வாங்கத்தான் வேண்டும், ஆனால் அன்றைக்கு அதுவும் உதவியிருக்காது. ரிஃப்ளெக்டர் தானாக எரிவதில்லை. அதற்குள் இருக்கும் பொடிப்பொடிக் கண்ணாடி மணிகளோ பட்டகங்களோ, மேலே விழும் வெளிச்சத்தை வந்த வழியே திருப்பி அனுப்புகின்றன. ஹெட்லைட்டும் டிரைவரின் கண்ணும் கிட்டத்தட்ட ஒரே திசையில் இருப்பதால் அவருக்கு அது பளீரென்று தெரிகிறது. லைட் போடாத ஆட்டோவுக்கு அது வெறும் சாம்பல் நிற நாடா. லைட் போட்டிருந்தாலும், சந்திலிருந்து திரும்புகிற வண்டியின் வெளிச்சம் நேராக எதிர்ப்பக்கக் கட்டடத்தின் மேல் விழுந்துகொண்டிருக்கும். வண்டி திரும்பி முடிக்கும் கடைசி நொடியில்தான் உங்கள் மேல் படும். ஆகவே சந்துமுனையில் உதவுவது நீங்கள் சொந்தமாகக் கொண்டுபோகும் விளக்குதான்.

மூன்றாவதைத்தான் யாரும் சொல்லித்தருவதில்லை. நம் ஊரில் வண்டிகள் இடது பக்கம் போகின்றன. சந்திலிருந்து வந்து இடப்பக்கம் திரும்புகிற டிரைவர் எந்தப் பக்கம் பார்ப்பார்? வண்டிகள் வருகிற வலப்பக்கம். நீங்கள் வண்டிகளை எதிர்கொண்டு ஓடுவதால் அவருக்கு இடப்பக்கத்திலிருந்து வருகிறீர்கள். அவர் தலை முழுக்க வலப்பக்கம் திரும்பியிருக்கும்போது, வண்டி இடப்பக்கம் உங்களை நோக்கி உருள்கிறது. நீங்கள் தலையில் பெட்ரோமாக்ஸ் வைத்துக்கொண்டு வந்திருந்தாலும் அவர் பார்த்திருப்பாரா என்பது சந்தேகம்.

அதற்காக வலது ஓரத்தை விட்டுவிடாதீர்கள். நேரான சாலையில் அதுதான் சரி. எதிரே வருவது தெரிந்தால் ஒதுங்க முடியும். முதுகுக்குப் பின்னால் வருவதை என்ன செய்வது? இன்னொரு லாபமும் உண்டு. நம் நாட்டு வண்டிகளின் டிம் லைட், எதிரே வருகிறவர் கண் கூசாமலிருக்க, இடது ஓரத்தைச் சற்றுத் தூரம் கூடுதலாகக் காட்டும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. நீங்கள் ஓடுவது எதிர்வண்டிக்கு அந்த இடது ஓரம். விதி சரி, சந்துமுனைக்கும் சொசைட்டி (குடியிருப்பு வளாகம்) கேட்டுக்கும் மட்டும் அது பொருந்தாது. அங்கே வேகத்தைக் குறைத்து நடங்கள். ஒரு வண்டி மூக்கை நீட்டிக்கொண்டு நின்றால் அதன் முன்னால் போகவே போகாதீர்கள். நின்று, அது போன பிறகு போங்கள். இல்லையென்றால் பின்பக்கமாகச் சுற்றிப் போங்கள். டிரைவர் உங்கள் முகத்தைப் பார்த்துத் தலையாட்டினால் ஒழிய அவர் உங்களைப் பார்த்ததாகக் கணக்கில்லை. கடிகாரத்தில் சில நொடி போகும். போகட்டும்.

இங்கே ஒரு மனக்கணக்கைச் சொல்ல வேண்டும். இருட்டில் ஓடுகிற எல்லோருக்கும் இருக்கும் மயக்கம் இது: வண்டி நமக்குத் தெளிவாகத் தெரிகிறது, அதனால் நாமும் அதற்குத் தெரிவோம் என்று நினைத்துக்கொள்கிறோம். பாதசாரிகள் தாங்கள் எவ்வளவு தூரத்தில் தெரிவோம் என்பதை அளவுக்கு மீறி மதிப்பிடுகிறார்கள் என்று பார்வை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார் நொடிக்கு 14 மீட்டர் நகர்கிறது. டிரைவர் பார்த்து, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்று வைத்தால் அதற்கே 20 மீட்டர் போச்சு. காய்ந்த சாலையில் நிற்க இன்னொரு 15 மீட்டர். ஆக 35. டிம் லைட்டில் கறுப்பு உடைக்காரர் டிரைவர் கண்ணில் படுவதே ஏறக்குறைய 30 மீட்டருக்குள் வந்த பிறகுதான். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது வாங்குவதற்கு வருவோம். பலரும் பட்டி வைத்த ஒரு வெஸ்ட் வாங்கி மேலே மாட்டிக்கொண்டு முடிந்தது என்று நினைக்கிறார்கள். மார்பில் இருக்கும் பட்டி தூரத்திலிருந்து பார்த்தால் அசையாத ஒரு வெள்ளைக் கோடு. மும்பைச் சாலையில் அசையாத வெள்ளைக் கோட்டுக்குப் பஞ்சமா? தோண்டிப் போட்ட பள்ளத்தைச் சுற்றிய பாரிகேட், நிறுத்திவைத்த டெம்போவின் பின்பக்கம், மெட்ரோ வேலைத் தகடு, எல்லாவற்றிலும் அதே பட்டிதான். டிரைவர் மூளை அதைப் பார்த்தும் ‘ஏதோ ஒன்று’ என்று தள்ளிவிடும். 1973-ல் குன்னார் யோஹான்சன் என்ற ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். இருட்டில் ஆளே தெரியாதபடி, மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகள் வைத்து மனிதர்களை நடக்கவிட்டுப் படம் பிடித்தார். அவர்கள் அசையாமல் இருந்தபோது வெறும் புள்ளிகள். அசைந்த உடனே பார்த்தவர்கள் எல்லோருக்கும் ‘மனிதன் நடக்கிறான்’ என்று புரிந்துவிட்டது. யோசிக்கவே நேரம் எடுக்கவில்லை. மனித அசைவைக் கண்டுபிடிக்க நம் கண்ணுக்கு அவ்வளவு பழக்கம்.

ஆகவே காசு குறைவென்றால் வெஸ்ட்டை விட்டுவிட்டு இரண்டு கணுக்காலுக்கும் பட்டி வாங்குங்கள். அப்புறம் மணிக்கட்டு. முடிந்தால் முழங்காலுக்குக் கீழே ஒன்று. டிம் லைட் கீழ்நோக்கி விழுவதால் தூரத்தில் வரும்போதே முதலில் உங்கள் காலைத்தான் தொடும். ஓடும்போது மேலும் கீழும் போகிற இரண்டு ஒளி வளையத்தை யாரும் பாரிகேட் என்று நினைக்க மாட்டார்கள். ஷூவின் குதிகாலில் கம்பெனி வைத்திருக்கும் விரல் நகம் அளவு வெள்ளிக் கோட்டை நம்பாதீர்கள், அது அழகுக்கு. வண்டி உதிரிபாகக் கடைகளிலும் ஹார்டுவேர் கடைகளிலும் ரிஃப்ளெக்டர் டேப் சுருளாகக் கிடைக்கும். துணியில் தைக்கிற வகையாகக் கேட்டு வாங்கி, பழைய சாக்ஸின் மேல் விளிம்பில் சுற்றித் தைத்துக்கொண்டாலே போதும். லாரியில் ஒட்டும் கெட்டி டேப் வேண்டாம், மடங்கி உரிந்துவிடும். துவைக்கும்போது ப்ளீச்சோ கம்ஃபர்ட்டோ போடாதீர்கள், பட்டி மங்கிவிடும்.

மங்கிவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? இதற்கு வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். இரவில் சொசைட்டி காம்பவுண்டில் விளக்குக் குறைந்த மூலையாகப் பார்த்து, ஓடும்போது போடுகிற உடையோடு 30 அடி தள்ளி நில்லுங்கள். அவர் போனில் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுக்கட்டும். போனில் ஃபிளாஷும் கேமராவும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், ஹெட்லைட் போட்டவருக்குத் தெரிகிற மாதிரியே படத்தில் விழும். நல்ல பட்டி என்றால் படத்தில் அது மட்டும் எரிந்து மற்றதெல்லாம் மங்கியிருக்கும். முன்னால், பின்னால், பக்கவாட்டில் என்று மூன்று படம். பின்னால் எடுத்த படத்தில் ஒன்றுமே தெரியாமல் போவது அடிக்கடி நடக்கும். பின்னல் மறைத்திருக்கும், அல்லது இடுப்பில் கட்டிய ஜாக்கெட் மறைத்திருக்கும். பிறகு ஃபிளாஷ் இல்லாமல் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். அந்த ஆட்டோக்காரர் பார்த்தது அதுதான். ட்ரெட்மில் வாதத்தைவிட இந்தப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுவது இரண்டு பேருக்கும் பிரயோஜனம்.

விளக்கு. முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. சைக்கிளுக்கு உள்ள அதே முறை. பின்னால் இடுப்புப் பட்டையில் செருகுகிற சிறிய சிவப்பு விளக்கு போதும். மின்னுகிற விளக்கு கவனத்தை இழுக்கும், ஆனால் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிப்பது சிரமம். பின்னால் மின்னட்டும், முன்னால் நிலையாக எரியட்டும். முன்விளக்கை நெற்றியில் கட்டுவதா, இடுப்பிலா என்று கேட்பார்கள். நான் மும்பைத் தெருவுக்கு இடுப்பு என்பேன். நெற்றி விளக்கின் வெளிச்சம் கண் இருக்கும் உயரத்திலிருந்தே கிளம்புவதால் நிழல் விழுவது தெரியாது. குழியும் சமதரையும் ஒரே மாதிரி இருக்கும். இடுப்பிலிருந்து விழுகிற வெளிச்சத்தில் பெயர்ந்து நிற்கும் ஒற்றைப் பேவர் பிளாக்கும் பின்னால் நிழல் நீட்டிக்கொண்டு நிற்கும், கால் தடுக்குமுன் கண்ணில் படும். மழைத்தூறலில் நெற்றி விளக்கு கண்ணுக்கு முன்னாலேயே துளிகளில் பட்டு வெள்ளைத் திரையாகிவிடும். ஏற்கெனவே நெற்றி விளக்கு வைத்திருந்தால் கையில் பிடித்துக்கொள்ளலாம், அதுவும் நல்லதுதான். கை ஆடும்போது வெளிச்சமும் ஆடும். விளக்கின் வெளிச்ச அளவு 150, 200 லூமன் இருந்தால் தாராளம். எதிரே வருகிறவர் முகத்தில் அடிக்காமல் தரையைப் பார்த்து வையுங்கள். கண் கூசின டிரைவர் இருட்டில் இருப்பவரைவிட மோசம்.

உங்கள் கண்ணையும் கொஞ்சம் கவனியுங்கள். இருட்டுக்குக் கண் முழுசாகப் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். பளிச்சென்ற சமையலறையிலிருந்து நேராக இறங்கி ஓடத் தொடங்குவதும், நடுவில் போன் திரையைப் பார்ப்பதும் அதைக் கெடுக்கும். முதல் பத்து நிமிடம் நடையாகவே இருக்கட்டும். ஹைபீம் போட்டு வருகிறவனை முறைத்துப் பார்க்காமல் பார்வையை உங்கள் வலது பக்க ஓரத்துக்கு இறக்குங்கள்; தொப்பி விளிம்பு இருந்தால் அதைச் சாய்த்தாலே போதும். கண்ணாடி போட்டுக்கொண்டிருப்பவர் ‘ஓடும்போது எதற்கு’ என்று கழற்றி வைக்கிற வழக்கம் இருந்தால், இந்த நேரத்தில் அது வேண்டவே வேண்டாம்.

திருச்சியிலிருந்து வந்தவர் என்பதால் இன்னொன்று. மும்பை மேற்கே தள்ளி இருக்கிறது, கடிகாரமோ நாட்டுக்கெல்லாம் ஒன்று. தமிழ்நாட்டில் ஜனவரியிலும் ஆறரை, ஆறே முக்காலுக்குள் சூரியன் வந்துவிடும். இங்கே ஜனவரி நடுவில் ஏழே கால் ஆகும். ஜூன் தொடக்கத்தில்கூட ஆறு மணிதான். ஆக நாலே முக்காலுக்கு இறங்குகிற உங்களுக்கு வருடம் முழுக்க முக்கால்வாசி ஓட்டம் இருட்டில்தான். ‘கொஞ்ச நாள்தானே, சமாளித்துக்கொள்ளலாம்’ என்று விட முடியாது.

அதனால் பாதையைத்தான் மாற்ற வேண்டும். சயான்–டிராம்பே சாலை அகலமாக, வெளிச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் அங்கே ஓடாதீர்கள். இரவுப் பணி முடித்துத் திரும்பும் கேப், பகலுக்குள் ஊரைத் தாண்டிவிட நினைக்கும் லாரி, எல்லாம் காலியான சாலையில் பறக்கும். விடியலுக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம் மனித உடம்பே தூக்கத்துக்கு ஏங்குகிற நேரம். ஸ்டியரிங்கில் இருப்பவருக்கும் அதே உடம்புதான். ஒன்றரை, இரண்டு கிலோமீட்டர் வட்டமாக உள்தெருக்களில் ஒரு பாதை பிடித்து அதையே நாலைந்து முறை சுற்றுங்கள். சலிப்பாக இருக்கும். ஆனால் இரண்டாவது சுற்றிலேயே எந்தக் குழி எங்கே, எந்த கேட்டிலிருந்து பால் வண்டி வரும் என்பது தெரிந்துவிடும். வட்டத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் திருப்பி ஓட வேண்டாம், எதிரே வரும் வண்டியைப் பார்க்கிற திசையே இருக்கட்டும். ஒரே பக்கச் சரிவில் ஓடி இடுப்பு வலித்தால், சரிவில்லாத காலனி உள்சாலையில் கொஞ்சம் ஓடிக்கொள்ளுங்கள்.

தனியாக ஓடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓடலாம், ஆனால் வெளிச்சத்தைவிட ஆள் இருக்கிற தெருவாகப் பாருங்கள். ஐந்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் பேப்பர் பிரிக்கிறவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். பூக்காரர்கள், டீக்கடை, சேட்டா நகர் முருகன் கோயில் பக்கம் வாசல் தெளிக்கிறவர்கள். உங்கள் வட்டம் அவர்களைத் தொட்டுப் போகட்டும். சொசைட்டி வாட்ச்மேனிடம் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று சொல்லிவிட்டுப் போங்கள். அவர்கள் நிஜமாகவே பார்த்துக்கொண்டிருப்பார்கள். வாட்ஸ்அப்பில் லைவ் லொகேஷனை வீட்டுக்காரருக்குப் போட்டுவிட்டால், அவர் தூங்கினாலும் தேவைப்படும்போது இருக்கும். நீங்கள் வெளியே இருப்பது ஒன்றே கால் மணி நேரம், அதனால் ஒரு மணி நேரத்துக்கான தேர்வு பத்தாது, எட்டு மணி நேரத்தைப் போட்டு வந்ததும் நிறுத்திவிடுங்கள். 112 அவசர எண். ஓட்டத்தைப் பதிந்து பகிரும் ஸ்ட்ராவா செயலியில் ஓடியதைப் போடுகிறவர் என்றால் தொடக்கமும் முடிவும் மறையும்படி அதன் அமைப்பில் மாற்றுங்கள். தினமும் நாலே முக்காலுக்கு இந்த கேட்டிலிருந்து இந்தப் பெண் கிளம்புகிறார் என்று ஊருக்கே வரைபடம் போட்டுத் தர வேண்டாம்.

காதில் பாட்டு வேண்டாம். ஒற்றைக் காதிலும் வேண்டாம். எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும் பெஸ்ட்டின் (மும்பை நகரப் பஸ் நிறுவனம்) எலெக்ட்ரிக் பஸ்ஸும் மெதுவாக வரும்போது சத்தமே கேட்காது. ராங் சைடில் பின்னாலிருந்து வருகிற டெலிவரி பைக்குக்கு, நீங்கள் வலது ஓரத்தில் ஓடுவது ஒரு பாதுகாப்பும் தராது. காதும் அந்தச் சிவப்பு விளக்கும்தான் துணை.

நாய்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டும். கூட்டமாகக் குரைத்தால் ஓடாதீர்கள், நடங்கள். விளக்கை அதன் கண்ணில் அடிக்காதீர்கள். கடித்தாலோ கீறினாலோ சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி.

மழைக்காலம்தான் எனக்கு உண்மையிலேயே கவலை. நனைந்த தார்ச்சாலை கண்ணாடியாகிவிடும். டிரைவரின் வெளிச்சம் அவருக்குத் திரும்பி வராமல் முன்னால் தெறித்துப் போய் எதிரே வருகிறவர் கண்ணைக் குத்தும். அவருக்குக் கோடும் தெரியாது, ஓரமும் தெரியாது, நீங்களும் தெரிய மாட்டீர்கள். பிரேக் போட்டாலும் தூரம் நீளும். தேங்கிய தண்ணீருக்கு அடியில் மேன்ஹோல் மூடி இருக்கிறதா இல்லையா என்று எந்த விளக்கும் காட்டாது. ஜூலை, ஆகஸ்டில் கொட்டுகிற நாட்களில் உங்கள் வீட்டுக்காரர் சொல்கிற ட்ரெட்மில்லை நானும் ஆதரிக்கிறேன். மற்ற மாதங்களுக்கு அவசியமில்லை. ஜனவரியில் சாலையில் 21 கிலோமீட்டர் ஓடப்போகிற கால், சாலையில்தான் பழக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டத்துக்குப் பலர் வழக்கத்தைவிடச் சீக்கிரம், நாலு மணிக்கே கிளம்புகிறார்கள். சனிக்கிழமை இரவுக் கொண்டாட்டம் முடித்து வீடு திரும்புகிற கார்களும் அதே நேரத்தில்தான் சாலையில் இருக்கும். உங்களுக்கு அன்று லோக்கலும் இல்லை, பையனுக்குப் பள்ளியும் இல்லை. ஆறு மணிக்குக் கிளம்புங்கள். முடிந்தால் மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸ் பக்கமோ மெரின் டிரைவுக்கோ போய்விடுங்கள், அங்கே அந்த நேரத்தில் துணைக்கு நூறு பேர் ஓடிக்கொண்டிருப்பார்கள். போட்டி அன்றைக்கு மாஹிமில் இருட்டிலேயே தொடங்குவார்கள், ஆனால் சாலை மூடியிருக்கும். விளக்கெல்லாம் கட்டிக்கொண்டு போக வேண்டாம். கணுக்கால் பட்டி மட்டும் இருக்கட்டும். வீட்டிலிருந்து தொடக்க இடம் வரை போவதும் வருவதும் திறந்த சாலையில்தானே.